குடித்த பிறகு ஆட்டத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் போவது ஏன்?

“என் அண்ணன் தெளிவாக இருக்கும்போது அளவோடு பணம் கட்டுகிறார், தோற்றால் எழுந்து வந்துவிடுகிறார்; இரண்டு மூன்று கோப்பை உள்ளே போய்விட்டால் கையில் இருப்பது தீரும்வரை நகர மறுக்கிறார். இது மதுவின் வேலையா, அவருடைய குணமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குமே பங்கு உண்டு. ஆனால் மதுவின் பங்கு எங்கே விழுகிறது என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். மது துணிச்சலைக் கூட்டுகிறது, அதனால் பெரிய தொகையாகக் கட்டுகிறார்கள் என்பதே பொதுவான எண்ணம். ஆய்வு முடிவுகளைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது வேறு: மது முதலில் கெடுப்பது, தொடங்கிவிட்ட செயலை நிறுத்தும் திறனை. சூதாட்டத்தில் ஒருவர் எடுக்கும் முடிவுகளிலேயே அதிக விலையுள்ளது ‘போதும், எழுந்திருக்கலாம்’ என்ற முடிவுதான். ஆகவே அந்த ஒரு திறன் தளர்ந்தாலே, மற்ற அறிவெல்லாம் ஓரளவு சரியாக இருந்தும் பணம் போய்விடுகிறது.

குடித்த சில நிமிடங்களிலேயே மது இரத்தத்தின் வழியாக மூளையை அடைகிறது. நரம்பணுக்களின் செயலை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் விளைவை அது வலுப்படுத்துகிறது. அவற்றைத் தூண்டும் குளுட்டமேட்டின் விளைவை மட்டுப்படுத்துகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, பின்விளைவை எடைபோடுவது, திட்டத்தை நினைவில் வைத்திருப்பது, எழும் உந்துதலைத் தடுப்பது போன்ற வேலைகளைச் செய்கிறது. நடை தள்ளாடும் அளவுக்குப் போதை ஏறும் முன்பே இப்பகுதியின் வேலையில் குறை தெரிய ஆரம்பித்துவிடுகிறது. அதே நேரத்தில் மூளையின் ஆழ்பகுதியில், எதிர்பார்ப்பையும் ஆவலையும் இயக்கும் சுற்றில், டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பு கூடுகிறது. சூதாட்டம் தானாகவே தூண்டிவிடும் சுற்றும் இதுதான். ஆவலைக் கிளப்பும் பகுதி இருமுனையிலிருந்தும் உந்தப்படும் வேளையில், அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய பகுதி தளர்ந்து நிற்கிறது.

நிறுத்தும் திறனை ஆய்வாளர்கள் எளிய சோதனைகளால் அளக்கிறார்கள். திரையில் ஒரு குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். சில வேளைகளில், அழுத்தப் போகும் கணத்தில் ‘வேண்டாம்’ என்று ஓர் அடையாளம் வரும், அப்போது கையை இழுத்துக்கொள்ள வேண்டும். மிதமான அளவு மது அருந்தியவர்கள் அழுத்துவதில் பெரிதாகப் பின்தங்காவிட்டாலும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தவறுகிறார்கள். சூதாட்ட மேசையில் நடப்பதும் இதைப் போன்றதே என்று நான் கருதுகிறேன். சீட்டைப் பார்க்கிறார், தொகையைச் சொல்கிறார், கணக்கும் ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது. ‘இந்தச் சுற்றோடு விட்டுவிடுவோம்’ என்ற எண்ணம் எழும் இடத்தில்தான் கை கேட்க மறுக்கிறது.

இதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. மார்க் ஃபில்மோரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் மது ஏறும்போதும், பிறகு அது இறங்கும்போதும், ஒரே செறிவு இருக்கும் நேரங்களில் சோதனை செய்து ஒப்பிட்டார்கள். இறங்கும் கட்டத்தில் எதிர்வினையின் வேகம் மீண்டுவிட்டது. தடுத்து நிறுத்தும் திறன் மட்டும் மீளவில்லை. போதை இறங்கும் வேளையில் ஒருவர் ‘தெளிந்துவிட்டேன்’ என்று உணர்வது பொய்யல்ல, அவருடைய உணர்வு உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சூதாட்டத்துக்கு வேண்டிய திறன் அந்த உணர்வோடு சேர்ந்து திரும்பி வருவதில்லை. குடித்து இரண்டு மணி நேரம் ஆன பின்பு, ‘இப்போது நிதானமாக இருக்கிறேன், விட்டதைப் பிடித்துவிடலாம்’ என்று ஒருவர் மீண்டும் உட்காரும் தருணம் ஆபத்தானது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் அகற்றுவது சுமார் 7 முதல் 10 கிராம் தூய மதுவை மட்டுமே. ஒரு கோப்பைக்கு 14 கிராம் என்ற அளவில் நான்கு கோப்பை குடித்தவருக்கு, அது முழுவதும் நீங்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். காப்பி இதில் உதவுவதில்லை. அது தூக்கக் கலக்கத்தைப் போக்குகிறது, வேகத்தைக் கொஞ்சம் மீட்டுத் தருகிறது, ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் செய்யும் தவறுகளைக் குறைப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விழிப்பாக இருக்கும் போதைக்காரரைத்தான் அது உருவாக்குகிறது.

அடுத்தது கவனம். கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் ஆகிய இரு உளவியலாளர்கள் 1990இல் முன்வைத்த விளக்கம் இன்றும் மதிக்கப்படுகிறது. மது ஒருவருடைய கவனத்தின் பரப்பைச் சுருக்கிவிடுகிறது; கண்முன் பளிச்சென்று இருப்பவை மனத்தை நிரப்பிக்கொள்கின்றன, தொலைவில் இருப்பவையும் யோசித்துப் பார்த்தால் மட்டுமே புரிபவையும் விலகிப்போகின்றன. சூதாட்டக் கூடத்தில் கண்முன் இருப்பவை எவை? விளக்குகள், அருகில் யாரோ வென்ற ஆரவாரம், சற்று முன் நூலிழையில் தவறிய பரிசு. தொலைவில் இருப்பவை: அடுத்த மாதத் தவணை, மனைவிக்குக் கொடுத்த வாக்கு, இந்த ஆட்டத்தில் நீண்ட கால நோக்கில் யாரும் வெல்வதில்லை என்ற கணக்கு. இவற்றை அவர் மறந்துவிடுவதில்லை, கேட்டால் சொல்வார். ஆனால் முடிவெடுக்கும் அந்தக் கணத்தில் அவற்றுக்குக் கனம் இருப்பதில்லை.

இந்த விளக்கத்திலிருந்து பயனுள்ள துணைமுடிவு ஒன்று கிடைக்கிறது. கண்முன் இருப்பது எச்சரிக்கையாக இருந்தால், போதையிலுள்ளவர் அந்த எச்சரிக்கைக்குக் கட்டுப்படவும் கூடும். ஆகவே மதுவை எப்போதும் ஒரே திசையில் தள்ளும் சக்தியாகக் கருதக்கூடாது. சூழலில் எது உரத்துப் பேசுகிறதோ அதன் பக்கம் அது சாய்க்கிறது. சூதாடும் இடங்களும் கைபேசிச் செயலிகளும் எதை உரத்துப் பேச வைக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, தோல்வி தர வேண்டிய பாடம். தெளிந்த மனம் ஒவ்வொரு இழப்பிலும் ஒரு சிறு குத்தலை உணர்கிறது. அந்தக் குத்தலே அடுத்த அடியைத் தயங்க வைக்கிறது. மது அதை மழுங்கடிக்கிறது. ஜோடி கில்மன் முதலானோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தநாளத்தின் வழியாக மது செலுத்தப்பட்டவர்கள் ஆபத்தான தேர்வுகளை அதிகம் செய்தார்கள். அதே நேரத்தில் ‘வென்றீர்கள்’, ‘தோற்றீர்கள்’ என்ற அறிவிப்புகளுக்கு மூளையின் பரிசுச் சுற்று காட்டிய துலங்கல் குறைந்துபோனது. வெற்றியும் தோல்வியும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கும் நிலையில் தோல்வியிலிருந்து கற்பதற்கு என்ன இருக்கிறது? செய்த தவறை மூளை கண்டுகொள்ளும்போது எழும் மின்சமிக்ஞை மதுவால் வலுவிழக்கிறது என்பதை 2002இல் ரிட்டரின்காஃப் குழுவினர் காட்டினார்கள். தவறைக் கண்டுகொள்ளும் திறனே போய்விடுகிறது என்று அப்போது கருதப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து புரூஸ் பார்த்தலோ குழுவினர் செய்த ஆய்வு அதைத் திருத்தியது: போதையிலிருந்தவர்கள் தாங்கள் தவறிழைத்ததை அறிந்தே இருந்தார்கள், ஆனால் அது அவர்களை உறுத்தவில்லை. இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ‘தோற்றுக்கொண்டிருக்கிறாய் என்று தெரியவில்லையா?’ என்று போதையில் இருப்பவரிடம் கத்துவதில் பயனில்லை. அவருக்குத் தெரிகிறது, வலிக்கத்தான் இல்லை.

இவையெல்லாம் மூளையையும் மனத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த சோதனைகள். உண்மையில் பணம் கட்ட வைத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்வது அவ்வளவு சீராக இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கிங்டன், டிக்கர்சன் ஆகியோர் 1999இல் நடத்திய சோதனையில் ஒரு பிரிவினருக்கு மூன்று கோப்பை மதுவும், மற்றவர்களுக்கு மது போன்ற பானமும் கொடுத்து, வரவர வெல்லும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும் ஓர் ஆட்டத்தை ஆட விட்டார்கள். குடித்தவர்கள் மற்றவர்களைப் போல் இருமடங்கு சுற்றுகள் ஆடினார்கள். அவர்களில் பாதிப்பேர் கொடுத்த பணம் முழுவதையும் இழந்தார்கள், மது இல்லாத பிரிவில் அப்படி இழந்தவர்கள் 15 விழுக்காட்டினர். குரோன்ஸ், கார்பின் ஆகியோர் 2010இல் செய்த ஆய்வில் ஆட்டத்தின் நீளம் கூடவில்லை. பதிலாக, குடித்தவர்கள் சராசரியாகப் பெரிய தொகைகளைக் கட்டி விரைவாகவே பணத்தைத் தீர்த்தார்கள். எல்லரி, ஸ்டூவர்ட், லோபா ஆகியோரின் 2005 ஆய்வில், ஏற்கெனவே சூதாட்டம் சிக்கலாகிவிட்டவர்களிடம்தான் மதுவின் விளைவு தெளிவாக வெளிப்பட்டது; அவர்கள் அதிக நேரம் ஆடினார்கள், தோற்கும் சுற்றுகளையும் விடாமல் ஆடினார்கள். மது குடித்ததாக நம்ப வைத்தாலே சிலருடைய நடத்தை மாறுகிறது என்பதும், பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கக்கூடிய மதுவுக்கும் பணத்துக்கும் வரம்பு இருக்கிறது என்பதும் இவற்றைப் படிக்கும்போது மறக்கக்கூடாதவை. ‘குடித்தால் எல்லாரும் பெரிதாகக் கட்டுவார்கள்’ என்று சட்டம் போலச் சொல்ல முடியாது. சிலர் நீட்டிக்கிறார்கள், சிலர் தொகையை உயர்த்துகிறார்கள், ஏற்கெனவே அடிமைப்பட்டவர்களிடம் அது கூடுதலாகத் தெரிகிறது. விட்டுவர வேண்டிய இடத்தில் விடாமை என்பதே இவற்றில் நான் காணும் பொதுக்கூறு.

விடாமையின் விலை என்ன என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பணம் கட்டும் ஆட்டம்; ஒரு சுழியம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள் இருக்கின்றன. கட்டப்படும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 2.7 பங்கு நிறுவனத்துக்குப் போகிறது. ஒருவர் ஒரு மணி நேரம், 40 சுழற்சிகள், ஒவ்வொன்றுக்கும் 100 கட்டுகிறார் என்றால் மொத்தம் கட்டியது 4,000. எதிர்பார்க்கும் இழப்பு 108. போதையில் அவரே தொகையை 150 ஆக்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மொத்தம் கட்டியது 18,000. எதிர்பார்க்கும் இழப்பு 486. சக்கரம் மாறவில்லை, விதிகள் மாறவில்லை, அவர் எந்த ‘முட்டாள்தனமான’ பந்தயமும் வைக்கவில்லை. இழப்பு மட்டும் நான்கரை மடங்கு. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் போல ஆடுபவரின் முடிவுக்கு இடமுள்ள ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அங்கே நேரத்தோடு தவறுகளும் சேர்ந்துகொள்கின்றன. இவை சராசரிகள் மட்டுமே. ஒரு தனி இரவில் ஏற்ற இறக்கம் இதைவிட மிகப் பெரிதாக இருக்கும், அந்த ஏற்றங்களே ‘இன்று நமக்கு நாள் நன்றாக இருக்கிறது’ என்ற நம்பிக்கையை ஊட்டுகின்றன.

வேகம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. ஒரு சில வினாடிகளில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் ஸ்லாட் இயந்திரத்திலும் கைபேசி ஆட்டத்திலும், இரண்டு சுற்றுகளுக்கிடையே யோசிக்க இடைவெளியே கிடையாது. பலவீனமாகிவிட்ட நிறுத்தும் திறன் செயல்பட வேண்டிய இடம் அந்த இடைவெளிதான். நூலிழையில் தவறும் தோல்விகள், வெற்றிக்குத் துலங்கும் மூளைப் பகுதிகளையே ஓரளவு தூண்டுகின்றன என்பதை லூக் கிளார்க் குழுவினர் 2009இல் காட்டியிருக்கிறார்கள். அத்தகைய தோல்வியைத் தோல்வி என்று தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொள்ளத் தெளிந்த மனமே சிரமப்படுகிறது.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதி, குணம். உந்துதலுக்கு எளிதில் ஆட்படும் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அந்த இயல்பு கூடுதலாக உள்ளவர்கள் குடியையும் சூதாட்டத்தையும் நாடுவதற்கு வாய்ப்பு அதிகம். இரட்டையர்களை வைத்து வென்டி ஸ்லட்ஸ்கி முதலானோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்களில் மது அடிமைத்தனத்துக்கும் சூதாட்ட நோய்க்கும் பொதுவான மரபுவழிக் காரணிகள் ஓரளவு இருப்பதைக் காட்டியது. அமெரிக்காவில் 43,093 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் தரவை நான்சி பெட்ரி குழுவினர் 2005இல் ஆராய்ந்தபோது, சூதாட்ட நோய் உள்ளவர்களில் 73.2 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுச் சிக்கல் இருந்தது தெரியவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் வைத்ததற்குப் பின்னால் இத்தகைய சான்றுகளே இருந்தன. ஆகவே அண்ணனுடைய இயல்பில் ஒரு சாய்வு இருக்கலாம். ஆனால் நீங்கள் விவரிப்பது போல, தெளிவாக இருக்கும் நாள்களில் அவரால் எழுந்து வர முடிகிறது என்றால், நிறுத்தும் திறன் அவரிடம் இருக்கிறது. அதைத்தான் மது எடுத்துக்கொள்கிறது. அதை ‘உண்மையான குணம் வெளியே வருகிறது’ என்று சொல்லி அவரை எடைபோடுவது நியாயமும் அல்ல, சரியும் அல்ல.

காலப்போக்கில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அழைக்கத் தொடங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். குடித்துக்கொண்டே ஆடிப் பழகியவருக்கு, கோப்பையின் வாசனையே ஆட்டத்தை நினைவூட்டுகிறது. ஆட்டத்தின் ஓசையே தாகத்தைக் கிளப்புகிறது. தோற்றவர் அந்த வேதனையை அமுக்கக் குடிக்கிறார், குடித்ததால் விட்டதைப் பிடிக்க மீண்டும் உட்காருகிறார். இந்த நிலைக்கு வந்தவருக்கு ஒன்றை மட்டும் தீர்க்க முயல்வது பெரும்பாலும் நிலைப்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கையாளும் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நாட வேண்டும். நால்ட்ரெக்சோன் என்ற மருந்து மது அடிமைத்தனத்துக்குப் பயன்படுகிறது. சூதாட்ட உந்துதலைத் தணிப்பதற்காகவும் அது ஆராயப்பட்டிருக்கிறது, சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. அது தனக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் திடீரென்று குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு, மனக்குழப்பம் உள்ளிட்ட கடுமையான விளைவுகள் முதல் சில நாள்களில் வரக்கூடும், உயிருக்கும் ஆபத்து.

அண்ணன் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை என்றால், செய்ய வேண்டியது எளிதாகச் சொல்லக்கூடியது, கடைப்பிடிக்கத்தான் கடினமானது. முடிவுகள் எல்லாம் முதல் வாய்க்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். எடுத்த பிறகு மாற்ற முடியாத இடத்தில் அவை வைக்கப்பட வேண்டும். ‘இவ்வளவுக்கு மேல் ஆட மாட்டேன்’ என்று மனத்தில் வைத்திருக்கும் எல்லை போதையில் நிற்காது, ஏனெனில் அதைக் காக்க வேண்டிய திறனே அப்போது தளர்ந்திருக்கிறது. இழக்கத் தயாராக உள்ள தொகையை மட்டும் ரொக்கமாக எடுத்துக்கொண்டு வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போவது, செயலிகளில் நாள் வரம்பைத் தெளிவாக இருக்கும்போதே அமைத்து அதை உயர்த்துவதற்குக் காத்திருப்பு நேரம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, குடிக்கும் நாளில் கைபேசியிலிருந்து அந்தச் செயலியையே நீக்கிவிடுவது, தேவைப்பட்டால் ‘என்னை ஆட விடாதீர்கள்’ என்று சூதாட்ட நிறுவனங்களிடம் பதிந்து தன்னைத்தானே தடைசெய்துகொள்வது ஆகியவை வேலை செய்யக்கூடியவை. இவற்றில் எதைத் தேர்ந்தாலும், அது போதையில் இருக்கும் அவருடைய சம்மதத்தை எதிர்பார்க்காததாக இருக்க வேண்டும். ‘குடிப்பேன், ஆனால் அளவோடு ஆடுவேன்’ என்ற வாக்கை விட ‘குடித்த நாளில் ஆட மாட்டேன்’ என்ற வாக்கு காப்பாற்ற எளிது. முதலாவது வாக்கை இரவு முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் காப்பாற்ற வேண்டும், இரண்டாவதைத் தெளிவாக இருக்கும்போது ஒரே ஒரு முறை காப்பாற்றினால் போதும். நீங்கள் பேசுவதானால் மறுநாள், அவர் முழுமையாகத் தெளிந்து சாப்பிட்டு ஓய்வெடுத்த பிறகு பேசுங்கள். இழந்த தொகையைப் பற்றி மட்டும் பேசாமல், எந்தக் கட்டத்தில் எழுந்திருக்க நினைத்தார், ஏன் முடியவில்லை என்று அவரிடமே கேளுங்கள். அந்தக் கேள்வியில் பழி குறைவு, அதனால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய தொகையை இழந்த இரவில் ஒருவர் போதையிலும் இருந்தால், மேலே சொன்ன அத்தனையும் அவருடைய உயிரைப் பற்றிய முடிவுக்கும் பொருந்தும்: கண்முன் இருக்கும் அவமானமும் கடனும் மனத்தை நிரப்பிவிடுகின்றன, நாளையும் பிள்ளைகளும் தொலைவுக்குப் போய்விடுகிறார்கள், எழும் உந்துதலைத் தடுக்கும் திறன் குறைந்திருக்கிறது. சூதாட்ட நோய் உள்ளவர்களிடையே தற்கொலை எண்ணமும் முயற்சியும் பொதுமக்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் தொடர்ந்து பதிவாகியிருக்கும் உண்மை. அந்த இரவில் திட்டாதீர்கள், கணக்குக் கேட்காதீர்கள், தனியாக விடாதீர்கள். சாக வேண்டும் என்ற பேச்சு ஒரு சொல்லாக வந்தாலும் அதைப் போதைப் பேச்சு என்று தள்ளிவிடாமல், கைக்கு எட்டும் மருந்து மாத்திரைகளையும் நச்சுப்பொருள்களையும் அகற்றிவிட்டு, உடனே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.